சர்ட்டிபிகேட்டும் எழுத்தும்

கம்ப்யூட்டர் கம்பெனிகள் தரும் சர்ட்டிபிகேட்டுகளால், யந்திர விளக்க நூல் எழுதுவோர்க்குப் பிரயோஜனம் உண்டா என்று தஞ்சை ஜில்லா வாலிபர் சிலர் நம்மை வினவுகின்றனர். ஸிஸ்கோ கம்பெனியின் ஸி.ஸி.என்.ஏ. பரீட்சைக்குக் கட்டணம் சுமார் 300 டாலர். அதன் ஆயுளோ 3 வருஷமே. குத்தகைக் குடியானவன் வீட்டுக்கு இது சிறு தொகையன்று.

சன்னது இல்லாதவன் வக்கீலாக வாதாட முடியாது. சன்னது பெற்றவரெல்லாம் வழக்கை ஜெயித்துவிடுவதுமில்லை. எழுத்துக்கோ அத்தகைய நிர்ப்பந்தமும் கிடையாது. பரீட்சைக்குப் படிப்பவனுக்கு யந்திரத்தின் போக்குத் தெரியும். என்ஜினீயரிடம் கேட்க வேண்டிய கேள்வி தெரியும். அது லாபமே. ஆனால் அந்த லாபம் படிப்பில் உள்ளது, காகிதத்தில் அன்று. தெளிவாக எழுதும் வன்மையையோ எந்தப் பரீட்சையும் தராது.

1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிரீன் வைத்தியப் பட்டம் பெற்றவர். பட்டம் போதுமென்றிராமல் தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியம் போதித்து, நூல்களும் ஆக்கினார். சேற்றில் இறங்காதவன் எழுதும் நாற்றங்கால் குறிப்பு யாருக்கு உதவும்?

வாலிபர்காள்! வேலை தரும் கம்பெனி கட்டணம் செலுத்துமாயின் பரீட்சை எழுதுங்கள். கடன் வாங்கி எழுதாதீர்கள். முதலில் ஒரு யந்திரத்தைக் கையாண்டு, அதை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி எழுதிக் காட்டுங்கள். அவ்வெழுத்தே உங்கள் சன்னது.