தழும்புக்கு அப்பால் வாழும் ஞாபகம்

தியாகதுருகம் வட்டாரத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களின் மேற்கையை நோக்கினால், அம்மை குத்திய அடையாளமாக நடுவே பள்ளம் விழுந்த வட்டத் தழும்பு ஒன்றோ இரண்டோ தென்படக்கூடும். (இளையோரின் இடது கையில் உள்ளது பெரும்பாலும் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியின் வடு, அது வேறு.) கிண்டி கிங் நிலையத்தில் தயாரான அம்மைப்பாலைக் கொண்டு சென்னை மாகாணமெங்கும் குத்தப்பட்ட அந்த அம்மை, வைசூரியை 1975-இல் இந்நாட்டிலிருந்து ஒழிப்பதற்குத் துணைநின்றது. ஆயினும் தழும்பு வெறும் தோலின் வடுவே. காப்பு சரீரத்தின் உள்ளே இருக்கிறது.

அம்மைப்பாலில் உள்ள கிருமி உட்புகுந்ததும், அதன் வடிவத்தோடு பொருந்தும் வெள்ளை அணுக்கள் சில மட்டும், நிணநீர்க் கணுக்களிலே பல்கிப் பெருகி, அவற்றுள்ளும் மிக இறுகப் பற்றுவனவே தேர்ந்தெடுக்கப்பட்டு, காரியம் முடிந்தபின் பெரும்பாலானவை மாய, எஞ்சிய சொற்பமானவையே ஞாபக அணுக்களாக நிலைக்கின்றன. அவற்றோடு பிறந்த வேறு சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கின்றன. அம்மை குத்தி ஐம்பது ஆண்டுகள் கழிந்தவர்களின் ரத்தத்திலும் இந்த ஞாபக அணுக்கள் இருப்பதை 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1846-இல் பாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அந்நோய் கண்டிருந்த கிழவர்களை அது தீண்டவில்லை என்பதைப் பானும் என்ற டேனிஷ் வைத்தியர் கண்டெழுதினார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அத்தீவுகளில் தட்டம்மையே இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

ஆனால் ஞாபகம் விழித்தெழச் சில நாட்கள் பிடிக்கும். வைசூரி வெளிப்படச் சுமார் பன்னிரண்டு நாட்கள் ஆகுமாதலால் அந்த அவகாசம் போதுமானதாயிற்று. ரணஜன்னியின் சங்கதி வேறு. அதன் விஷம் எவ்வளவு கொடியதென்றால், உயிரைக் குடிக்கப் போதுமான அளவுகூட ஞாபகத்தை உண்டாக்கப் போதாது. நோய் கண்டு பிழைத்தவருக்கும் அதனால் காப்பு கிட்டுவதில்லை. எதிர்ப்பொருள் ரத்தத்தில் முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும். அதுவோ ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது. ஆகவே, கரும்புத் தோகையும் துருப்பிடித்த ஆணியும் காலைக் கிழிக்கும் இவ்வட்டாரத்துப் பெற்றோர், குழந்தைப் பருவத்து ஊசிகளோடு நின்றுவிடாமல், பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் அரசினர் இலவசமாகப் போடும் டி.டி. ஊசியைத் தம் பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுவிக்க வேண்டும்.