கண்ணாடிக் கடலில் புகுந்த பச்சைப் பகைவன்!

திண்டிவனத்தில் என் அக்கா வீடு. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. நீளம் 2 அடி. அகலம் ஓர் அடி. உயரமும் ஓர் அடி.

அதில் இருப்பது குடிதண்ணீர் அல்ல. உப்புத் தண்ணீர்! அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு. வெள்ளைப் பட்டை. பார்க்கப் பார்க்க அழகு!

தொட்டியை வாங்கியவன் அக்கா மகன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். பொங்கல் காசு, நான் கொடுத்த காசு என்று ஓராண்டு சேர்த்த பணம் அது.

இரண்டாவது மாதம், கண்ணாடியில் தவிட்டு நிறத்தில் ஏதோ படிந்தது. துடைத்தான். போய்விட்டது. அடுத்துப் பச்சை வந்தது. கல்லுக்கெல்லாம் மயிர் முளைத்தது போல் பாசி! மீன் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

"மாமா, பாசியைக் கொல்ல மருந்து இருக்குதாமே?" என்று போனில் கேட்டான்.

"பொறுடா. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றேன்.

அவன் பொறுக்கவில்லை.

மூச்சுத் திணறியது

வெள்ளி மாலை மருந்தை ஊற்றிவிட்டான். பாசி செத்தது. சனிக்கிழமை விடிந்ததும் அக்காவிடமிருந்து போன். "தம்பி, மீன் இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறக்குது. பையன் அழுகிறான்."

விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். போய்ச் சேர்வதற்குள் ஒரு மீன் செத்துவிட்டது.

மருந்து நேராக மீனைக் கொன்றதா? நான் அப்படி நினைக்கவில்லை. அவ்வளவு பாசியும் ஒரே இரவில் அழுகியது. அழுகும் பொருளைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகின. தண்ணீரில் இருந்த பிராணவாயுவை அவை இழுத்துக்கொண்டன. மீனுக்கு மூச்சு விட வழியில்லை.

இது தொட்டியில் மட்டும் நடப்பதல்ல. கடலிலும் நடக்கிறது! 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகியதே காரணம். பிராணவாயு குறைந்து, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், 50 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

நல்ல வேளை, பையன் ஒரு டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து தயாராக வைத்திருந்தான். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு அதை ஊற்றினோம். காற்றுக் குழாயை வேகமாக்கினோம். மதியத்துக்குள் மற்ற மீன் கீழே இறங்கி நீந்தியது.

சோறு போட்டது யார்?

பாசி தானாக வருவதில்லை. அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று வெளிச்சம். மற்றொன்று உரம். இரண்டையும் பையனே கொடுத்திருக்கிறான்!

தொட்டி கிழக்கு ஜன்னலுக்கு நேரே இருந்தது. காலை வெயில் அப்படியே உள்ளே விழும். இது போதாதென்று இரவு 11 மணி வரை விளக்கு.

தீனி நாளைக்கு நாலு முறை. மீன் தின்றது பாதி. மணலில் விழுந்தது பாதி. விழுந்தது அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகும். நெல்லுக்கு நாம் போடும் உரத்திலும் இந்தச் சத்துக்கள்தான் இருக்கின்றன.

வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். அப்போது போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். வற்றும்போது தண்ணீர்தான் போகிறது. அதில் கரைந்தது எதுவும் போவதில்லை. ஆகவே, போர் தண்ணீரில் உள்ள உப்பும் சத்தும் வாரா வாரம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போயின.

"அப்படியானால் மரக்காணம் உப்பை வாங்கிக் கரைத்துவிடலாமே, மாமா?" என்றான். பக்கத்தில்தானே உப்பளம்!

கூடாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து பிரிந்து படியும். பிறகு சமையல் உப்பு விளையும். மெக்னீசியம் உள்ள கசப்பு நீர் மிச்சமாக நிற்கும். அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். நம் குழம்புக்கு அது நல்லது. மீனுக்கோ, கடலில் உள்ள எல்லாச் சத்தும் வேண்டும். அதற்கென்று விற்கும் கடலுப்பைத்தான், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம், சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். வற்றியதற்கு ஈடாக ஊற்ற உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரே போதும்.

பல் துலக்கும் பிரஷ்

தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினோம். விளக்கு 7 மணி நேரம் மட்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. "பட்டினி போடாதீங்கடா!" என்று அக்காதான் சண்டைக்கு வந்தாள்.

கல்லில் இருந்த பாசியைப் புதுப் பல் பிரஷால் தேய்த்தான். தேய்க்கும்போதே ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியே விட்டான். உள்ளேயே உதிரவிட்டால் அதுவும் உரம்தான். வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றினான்.

பாசி தின்னும் கடல் நத்தைகள் கடையில் உண்டு. உடனே விட வேண்டாம் என்றேன். பாசி மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும். மீன் தாங்கும் அளவுச் செம்பை நத்தை தாங்காது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கரியை வடிகட்டியில் போட்டு (அடுப்புக் கரி அல்ல!), பல வாரம் தண்ணீர் மாற்றிய பிறகுதான் மூன்று நத்தை விட்டோம். கடற்கரையில் பொறுக்கி வரலாமே என்று கேட்காதீர்கள். சில வகைச் சங்குகளையும், எல்லாப் பவளப் பாறைகளையும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

இரண்டு மாதம் ஆயிற்று. பச்சை முழுதும் போகவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய படலம் இருக்கிறது. அதை நான் துடைக்க விடவில்லை. நத்தைக்கு அதுதான் சாப்பாடு.

மீன் ஒன்றுதான் நீந்துகிறது. அதற்கு ஒரு ஜோடி வேண்டுமாம். கடலில் பிடித்த மீன் வேண்டாம், பண்ணையில் பொரித்த குஞ்சுதான் வேண்டும் என்கிறான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான்.

பொங்கல் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.