முடிக்காமல் விட்ட முகம்

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் நாம் பார்க்கும் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம், வேண்டுமென்றே முடிக்காமல் விடப்பட்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்திலிருந்து வந்தது. மார்த்தா வாஷிங்டன் தன் கணவரின் படம் வேண்டுமென்று கேட்க, 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரையத் தொடங்கினார். முகத்தைத் தீட்டியவர், உடையையும் பின்னணியின் பெரும்பகுதியையும் தொடாமலே விட்டார். முடிக்காத படத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை அல்லவா? கடைசிவரை அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அறுபதுக்கும் மேற்பட்ட பிரதிகளை வரைந்து, ஒன்று சுமார் 100 டாலருக்கு விற்றார்.

இது வெறும் பேராசை என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டூவர்ட்டின் வாழ்க்கையும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1755-ல் ரோட் தீவில் மூக்குப்பொடி ஆலை நடத்தியவரின் மகனாகப் பிறந்து, லண்டனில் ஓவியர் பெஞ்சமின் வெஸ்டிடம் தொழில் கற்று, பேரும் பணமும் சம்பாதித்தவர். வரவுக்கு மீறிச் செலவழித்து, கடன்காரர்களுக்குப் பயந்து 1787-ல் டப்ளினுக்குப் போனவர். ஆனால் அன்றைய சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓவியங்களுக்குக் காப்புரிமை கிடைத்தது 1870-ல்தான். அதுவரை, படம் கைமாறிவிட்டால் அதை யார் நகலெடுத்தாலும் ஓவியருக்குக் காசு வராது. அவர் விற்ற ஒரு வாஷிங்டன் படத்தைக் கப்பல் தலைவர் ஒருவர் சீனாவின் கேண்டனுக்குக் கொண்டுபோய், கண்ணாடியில் நூறு நகல்கள் எழுதுவித்து பிலடெல்பியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1802-ல் ஸ்டூவர்ட் நீதிமன்றம் சென்று தடை வாங்கினார். அதுவும், நகலெடுக்க மாட்டேன் என்று வாங்கியவர் கொடுத்திருந்த வாக்கை வைத்துத்தான். இப்படிப்பட்ட காலத்தில் மூலத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் ஓவியருக்கு இருந்த உறுதியான பாதுகாப்பு.

அப்படியானால் மார்த்தாவுக்கு நேர்ந்தது? அது அநியாயம்தான். மூலம் தனக்கே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அவருக்கு நல்ல பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கலாம். அந்தத் தவறை எந்தச் சட்டக் குறையும் நியாயப்படுத்தாது. ஆனால் தன் உழைப்பின் பலன் பிறர் கைக்குப் போகாமல் காத்துக்கொண்டதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அதனால் அவர் செல்வந்தர் ஆகிவிடவும் இல்லை. 1828-ல் பாஸ்டனில் கடனோடுதான் இறந்தார். படம் 1831-ல் பாஸ்டன் அதீனியம் நூலகத்துக்குப் போனது. 1980-ல் இரண்டு அருங்காட்சியகங்கள் சேர்ந்து, ஸ்டூவர்ட் வரைந்திருந்த மார்த்தாவின் படத்தோடு அதைக் கிட்டத்தட்ட 49 லட்சம் டாலருக்கு வாங்கின. அப்போதும் அது முடிக்கப்படாத படம்தான்.