பழுதுற்ற பந்தய எஞ்சின்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

மோட்டார் பந்தயம் காண்போரின் கண் முன்னால் ஓடும் காரின்மீதே செல்வது இயல்பு. புகையைக் கக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிட்ட காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் அன்றிரவு பட்டறையில் நடைபெறும் ஆலோசனைதான் அந்த ஓட்டியின் எஞ்சிய பந்தயங்களை நிர்ணயிக்கிறது. உடைந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதா? அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா?

இங்கிலாந்தில் காஸ்வொர்த் நிறுவனத்தார் ஃபோர்டு கம்பெனியின் பொருளுதவியுடன் உருவாக்கிய டி.எஃப்.வி. எஞ்சினின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். கீத் டக்வொர்த் வடிவமைத்த இந்த மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின், 1967-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி ஹாலந்திலுள்ள ஸாண்ட்வூர்ட் மைதானத்தில் முதன்முதலாக ஓடியது. அன்றே ஜிம் கிளார்க்குக்கு வெற்றியும் தேடித் தந்தது. 1983 வரை இந்த எஞ்சின் குடும்பம் 155 கிராண்ட் பிரீ பந்தயங்களில் வென்றது.

அதன் உழைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிமிஷத்திற்கு 9,000 சுற்று என்றால், ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 150 தடவை மேலேறிக் கீழிறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதனைத் தடுத்துத் திருப்பும் விசை முழுவதையும் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்கவேண்டும். ஆகவே, பழுதே நேராவிட்டாலும் அடிக்கடி பிரித்துப் பார்த்தாகவேண்டும். வசதியுள்ள குழுவினர் இரண்டு வழியையும் ஒருங்கே கையாண்டனர்: மைதானத்தில் மாற்று எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பழையதைப் பட்டறைக்கு அனுப்பினர்.

ஒரே எஞ்சினை நம்பியிருக்கும் ஓட்டிக்கு இது இயலாது. எஞ்சினைத் திறந்து பார்க்குமுன் அவர் எந்த முடிவுக்கும் வரலாகாது. வெளியில் எண்ணெய் வழியும் எஞ்சினின் உள்ளே சேதம் சொற்பமாக இருக்கலாம்; மாசின்றித் தோன்றுவது உள்ளே நொறுங்கியிருக்கலாம். எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். அதில் மினுக்கும் உலோகத் துகள்கள் இருப்பின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பிஸ்டன், வால்வு, பேரிங் ஆகியவை போனால் பெரிய நஷ்டமில்லை. அவை மாற்றுவதற்கென்றே உள்ளவை. முடிவைச் சொல்லுபவை பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும்தாம். எஃகுக் கிராங்க் ஷாஃப்டைக் காந்தமாக்கி, இரும்புப் பொடி கலந்த எண்ணெயை அதன்மீது ஊற்றினால், கண்ணுக்குப் புலப்படாத விரிசலின் ஓரத்தில் பொடி கோடாகத் திரண்டு நிற்கும். அத்தகைய கோடு தென்பட்டால், ஷாஃப்டின் விலை எதுவாயினும் அது கழிவுதான். விரிசலில்லாமல் கீறல் மட்டும் இருப்பின் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் மேற்பரப்பின் கடினத் தோல் மெல்லியதாகையால் மீண்டும் கடினமாக்கும் பக்குவம் தேவைப்படும். ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தால், ஓட்டையைப் பற்றவைத்து அடைப்பது எளிது. அந்த உஷ்ணத்தால் பேரிங் பீடங்கள் நேர்கோட்டிலிருந்து விலகுவதைத் தடுப்பதே அரிது. விலகியதைச் சீராக்கும் கூலியும் சேர்ந்தால், வேறு எஞ்சினே மலிவு என்பது என் கருத்து. பாதியில் மீண்டும் முறிந்து சிந்தும் எண்ணெய் பின்சக்கரத்தில் படுமாயின், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பின்னர் சட்டமே குறுக்கிட்டது. 2014-இல் ஓட்டி ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து எஞ்சின் என்றும், 2018-இல் மூன்று என்றும் வரம்பு விதித்தனர். எஞ்சினுக்கு முத்திரையும் இடப்பட்டது. வரம்பை மீறிப் புதியது பொருத்தினால், புறப்படும் வரிசையில் பின்னே தள்ளப்படும் தண்டனை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எஞ்சின் ஏன் உடைந்தது என்பதைக் கண்டறியாமல் அடுத்ததை இயக்கக்கூடாது. வளைவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு வெறுங்காற்றை உறிஞ்சியதனால் பேரிங் எரிந்திருந்தால், புதிய எஞ்சினும் அதே வளைவில் எரியும். உடைந்ததன் துகள்கள் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரின் நுண்ணிய குழாய்களில் தங்கியிருப்பதும் உண்டு. அனுபவசாலிகள் அதனைக் கழுவுவதில் நம்பிக்கை வைப்பதில்லை. எஞ்சினோடு கூலரையும் புதிதாகவே மாட்டிவிடுகின்றனர்.