நோட்டரி வீட்டுக்கு வரலாம்: சட்டம் சொல்வது என்ன?

அனகாபுத்தூரில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் பல 2025 மே மாதம் இடிக்கப்பட்டன. வீடிழந்தோர் நீதிமன்றத்தை நாடினால் முதலில் கேட்கப்படுவனவற்றுள் ஒன்று பிரமாணப் பத்திரம். அதில் நோட்டரி முன்னிலையில் கையொப்பமிடுவது வழக்கம். நடமாட இயலாத முதியோருக்கும், ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தொழிலாளருக்கும் அந்தப் பயணமே பெருந்தடை.

நோட்டரி தம் அலுவலகத்தில்தான் பணியாற்ற வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் கூறவில்லை. அதன்கீழ் வகுக்கப்பட்ட 1956ஆம் ஆண்டு விதிகள், கட்டணத்துடன் பயணப்படி பெறவும் இடமளிக்கின்றன. தமக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அவர் வீடு தேடி வரலாம். கட்டண விகிதத்தை மக்கள் பார்வையில் வைப்பது அவர் கடமை. அதைக் கேட்டறிந்த பின் அழையுங்கள்.

கையொப்பமோ கைநாட்டோ அவர் கண்முன் இடப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு உள்ளடக்கத்தைத் தமிழில் படித்து விளக்க வேண்டும். நோட்டரியின் பதிவேட்டிலும் அது பதியப்பட வேண்டும். வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டு, பின்னர் நமக்கு எதிரான வாக்குமூலமாகிவிடக் கூடும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையுடையோர். ஆகவே, பணம் கொடுத்துப் பத்திரம் எழுதுவதற்கு முன் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள்.