தலையில் ஒரு நடவு

துபாயில் பணிபுரியும் என் தமையனார் சென்ற ஆண்டு விடுப்பில் நேரே தரங்கம்பாடிக்கு வரவில்லை. இஸ்தான்புல் சென்று முடி நட்டுக்கொண்டு, தொப்பியுடன் வந்து இறங்கினார். வழுக்கையைக் காட்டி இரண்டு பெண் வீட்டார் ஒதுங்கிய வருத்தம் அவருக்கு!

பின்தலை முடிவேர்கள், ஆண்களின் வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனுக்கு எளிதில் பணிவதில்லை. முன்தலையில் கொண்டுபோய் நட்டாலும் அக்குணத்தை அவை விடுவதில்லை என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதி விளக்கினார். இன்று தலையை மரக்கச் செய்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுகிறார்கள். புதுமுடி எதுவும் உண்டாவதில்லை, இடந்தான் மாறுகிறது.

விலங்கியல் மாணவனாகிய நான் நாள்தோறும் குறிப்பெடுத்து வந்தேன். பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. மூன்றாம் வாரம் நட்ட முடியே உதிரலாயிற்று! அண்ணன் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். "காசைக் கடலில் போட்டாயே" என்று அம்மா அழுதார்கள். நட்டவரோ அயல்நாட்டில்; யாரைக் கேட்பது? எங்கள் பேராசிரியர்தாம் விளக்கினார்: உதிர்வது முடி மட்டுமே, வேர் தோலுக்குள் உறங்குகிறது, மூன்று நான்கு மாதங்களில் முளைக்கும் என்று. அப்பாவுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. "நட்ட நாற்று வெளுக்காமலா பச்சை பிடிக்கும்?" என்றார்.

நான்காம் மாதம் பூனைமுடி போல் அரும்பியது. மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே முடி வளருமாதலால், முழுப் பலன் தெரிய ஓராண்டாகும். துபாயிலிருந்து வந்த எட்டாம் மாதப் படத்தில் முன்தலை மூடியிருக்கிறது. உச்சி இன்னும் வெளிறித் தெரிகிறது. குளிக்கும்போது பழைய முடி உதிர்கிறதே என்று கீழே எழுதியிருந்தார். நடாத முடி உதிரத்தான் செய்யும் என்று பதில் எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.