உஷார்! டிஷ்வாஷரில் பாத்திரம் தேய்க்கும் ஜெல்லை ஊற்றாதீர்கள்

பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அம்மா சிரமப்படக் கூடாதென்று டிஷ்வாஷர் வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார்கள். கூட வந்த பவுடர் தீர்ந்ததும்தான் ஆபத்து. போடியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ அந்தப் பவுடர் எல்லாப் பலசரக்குக் கடையிலும் கிடைத்துவிடாது. “பாத்திரம் கழுவத்தானே, எதுவா இருந்தா என்ன?” என்று சிங்க் ஓரத்து ஜெல்லை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள்! ஒரு மூடி அளவுகூட வேண்டாம்.

கையால் தேய்க்கும் ஜெல், நுரைப்பதற்கென்றே செய்தது. மெஷினோ தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்துக் கழுவுகிறது. அந்த வேகத்தில் ஜெல் பொங்கிவிடும். நுரை புகுந்த பம்ப்புக்கு வேகம் வராது. எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நிற்கும். கதவிடுக்கு வழியாக நுரை தரைக்கு வழியும். அடித்தட்டில் தண்ணீர் இறங்கினால், கசிவு என்று பல மெஷின்கள் தாமாகவே நின்றுவிடும். துணி துவைக்கும் பவுடரும் கூடாது. தெரியாமல் ஊற்றிவிட்டீர்களா? உடனே நிறுத்தி, நுரையை அள்ளிவிட்டு, வெறும் தண்ணீரில் ஓடவிடுங்கள்.

ஒரே கம்பெனி பெயரில் கை ஜெல்லும் மெஷின் பவுடரும் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்; டிஷ்வாஷருக்கு என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் கால்வாசி இருக்கும்போதே அடுத்ததற்கு ஆர்டர் போடுங்கள். தீர்ந்துபோன நாளில் கையாலேயே கழுவுங்கள்.

உப்பிலும் கவனம் வேண்டும். பல மெஷின்களுக்குள் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் பகுதி ஒன்று உண்டு. அதற்கென்று விற்கும் பெரிய பரல் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் பொடியுப்பு அடைத்துக்கொள்ளும். அந்தக் குழியில் தவறி டிடர்ஜென்ட் விழுந்தால் அந்தப் பகுதியே கெட்டுவிடும். லோயர் கேம்ப் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினத்தில் ஒன்றல்ல. குடிநீருக்கான இந்தியத் தரம், கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. குழாயிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு ஏறும் வீடென்றால் பவுடரையோ, அதற்குப் பதில் போடும் டிஷ்வாஷர் மாத்திரையையோ மட்டும் நம்பாதீர்கள், உப்பும் போடுங்கள். அலுமினியச் சட்டி, பித்தளை, இரும்பு தோசைக்கல் மூன்றும் உள்ளே போகவே கூடாது: கறுக்கும், மங்கும், துருப்பிடிக்கும்.

இவையெல்லாம் பணத்தோடு போகும். உயிருக்கே ஆபத்தானது இனிமேல் சொல்வது. இந்தப் பவுடரும் மாத்திரையும் கடுமையான காரத்தன்மை கொண்டவை. வண்ண மாத்திரை குழந்தை கண்ணுக்கு மிட்டாய். வாயில் போட்டால் வாயும் உணவுக்குழாயும் வெந்து புண்ணாகலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

குழந்தை விழுங்கிவிட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது, ஏறும்போது மறுபடி சுடும். வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். 108-ஐ அழையுங்கள்; க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.